பதினேழாம் கட்டிலில் படுத்திருந்த என் அண்ணனுக்கு

என் உயிரான அந்தோனி அண்ணே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. நீ ஹுன்னஸ்கிரிய மலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்து பதினெட்டு வருஷம் ஆகிறது. உன் நலத்தை நான் யாரிடம் கேட்பேன்?

எனக்கு மூன்று வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டு சட்டியைக் கருக்கிவிட்டேன். நேற்று பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, கண்டி டவுன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இது அடங்காது.

இதைப் பத்திரிகையில் போடச் சொல்லி அனுப்புகிறேன். ஏன் நாலு பேர் பார்க்க எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். உன்னைக் குடிகாரன் என்று நான் நாலு பேர் காதில் விழத்தான் சொன்னேன். அந்த நாலு பேரும் இதையும் கேட்கட்டும்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். நீ போகும்போது ஜெசிந்தா எட்டெடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது பத்தொன்பது வயது. உன் உயரம், மதினியின் வாய். ஏ.எல். பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது என்று இரண்டாம் தடவை எழுதப் படிக்கிறாள். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு டியூஷனுக்கு பஸ்ஸில் வந்து போகிறாள்.

அன்றைக்கு பேராதனைக்குக் கிட்ட உள்ள சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். இந்தச் சண்டை தொடங்கின நாளிலிருந்து இது நமக்குப் பழகிப் போனதுதான். வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டியிருக்கிறாள். அட்டை விரலில் நிற்காமல் நடுங்கியிருக்கிறது. ஏன் நடுங்குகிறாய் என்று சிப்பாய் கேட்டிருக்கிறான். பேர் தமிழ்ப் பேர், கை நடுங்குகிறது, வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு அவளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எங்கள் அத்தை பக்கத்து ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார் என்று அவள் சொன்னதால் ஒரு பொலிஸ்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

நான் போட்ட வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். பயந்த பிள்ளை சேர், துவக்கைப் பார்த்தாலே நடுங்குவாள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். கோப்பை தட்டில் பட்டு கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இன்னுமா பயம், நம்ம வீட்டுக்கு வந்தாச்சே என்றேன்.

"பயமெல்லாம் எப்பவோ போயிருச்சு அத்தை. இது பயம் இல்ல. ஆறேழு மாசமா இப்படித்தான் இருக்கு. அதான் பரீட்சையில எழுதி முடிக்க முடியல. அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."

அண்ணே, அந்தக் கோப்பையை நான் பார்த்தேன். கோப்பைக்கு மேலே அவள் விரலைப் பார்த்தேன். அது உன் விரல்.

உன் கை நடுங்கினது ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையில் நீ எழுதினால் வரி மேலே ஏறி, கீழே இறங்கி, கோணிக்கொண்டு போகும். பேச்சும் கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறார் என்று பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பேசிக்கொண்டார்கள். பிறகு கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஈரல் கெட்டது என்றால் குடி, குடி என்றால் ஈரல். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் கணக்குத் தெரியாது. பிலோமினா மதினி ஒருத்திதான், இவர் வாயில ஒரு நாளும் வாடை வந்ததில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணக்குத் தெரிந்தவள் நான் இருந்தேனே. நான் என்ன செய்தேன் என்று இப்போது உன் முகத்துக்கு நேரே சொல்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஆய்வுகூடத்து மேடம் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு புது வேலையோடு திரும்பியிருந்தார். உனக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து விளக்கினேன், நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். ஈரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதங்களில் முக்கால்வாசி வெறுமனே போவதில்லை. சேலை முந்தானையில் குஞ்சம் கட்டுகிற மாதிரி அவற்றின் ஓரத்தில் ஈரல் சீனிச் சங்கிலிகளைக் கட்டி அனுப்புகிறது. ஈரலுக்கு நோய் வந்தால் குஞ்சம் மாறும். ஒரு நோயில் கிளை கூடும், ஒரு நோயில் நுனி உதிரும், ஒரு நோயில் வேண்டாத சீனி வந்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரிகிற ஒரு புரதம் இருக்கிறது. வருஷக்கணக்காகக் குடிக்கிறவனிடம் அதன் குஞ்சம் முழுதாகவே காணாமல் போயிருக்கும். ஜெல்லில் வைத்து மின்சாரம் விட்டால் அது மற்றதோடு சேராமல் வேறு இடத்தில் போய் நிற்கும். சாயம் போட்டதும் ஒரு கோடு கூடுதலாகத் தெரியும்.

இது பல பேரைப் பார்த்து ஒரு போக்கைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான், தனி ஒரு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்ல இதை எடுக்காதே என்று மேடம் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எண்பத்து மூன்று ஆடி மாதம். கொழும்பில் பற்றின நெருப்பு கண்டிக்கும் வந்துவிட்டது. கடைவீதியில் தமிழ்க் கடைகள் எரிந்தன. என்னை மேடம் தன் வீட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். நீ வாட்டில் பதினோராம் கட்டிலில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாய். வாட்டுக்குள்ளும் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று பேச்சு. அங்கே இருந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸி உன் தலைமாட்டில் தொங்கின பேர் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதியான்சே என்று சிங்களப் பேரில் புது டிக்கெட் எழுதி மாட்டினார். ரீத்தாவின் அண்ணன் பேர் இப்போது முதியான்சே, வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்று மேடத்துக்கு டெலிபோனில் சொன்னார். நான் முழங்காலில் விழுந்து அந்த மிஸ்ஸிக்காக ஜெபம் பண்ணினேன்.

ஈரல் நோயாளிகளிடம் ஆய்வுக்கு ரத்தம் எடுப்பது செவ்வாய்க்கிழமைகளில். எரிகிற ஊரிலும் அந்த மிஸ்ஸி அதைத் தவறவிடவில்லை. அஞ்சாறு நாள் கழித்து நான் ஆய்வுகூடத்துக்குப் போனபோது குளிர்ப்பெட்டியில் குழாய்கள் வரிசையாக நின்றன. அதில் இரண்டில் முதியான்சே என்று எழுதியிருந்தது. ஒன்றில் கட்டில் பதினொன்று, மற்றதில் கட்டில் பதினேழு. நீ பதினொன்று. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்று பின்னேரம் வாட்டுக்கு வந்து பார்த்தபோதும் நீ பதினோராம் கட்டிலில்தானே இருந்தாய்?

ஜெல்லில் மூன்று ரத்தம் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டேன். நோயில்லாதவருக்கு அடையாளமாக என் ரத்தம், பிறகு பதினொன்று, பிறகு பதினேழு. சாயம் போட்டுக் கழுவினேன். பதினொன்றில் அந்தக் கூடுதல் கோடு பளிச்சென்று நின்றது. பதினேழில் அது இல்லை. யாரோ ஒரு முதியான்சே, பாவம், குடிக்காமலே ஈரல் கெட்டவன் என்று நினைத்தேன். மனுஷி நான் அப்படித்தான் நினைத்தேன் அண்ணே.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மதினியை, கைப்பிள்ளையை, லயத்தில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து பறித்து உன்னைப் படிக்க வைத்த அம்மாவை, எல்லாரையும் நினைத்துக்கொண்டு வாட்டுக்கு வந்தேன். குடிச்சியா என்று கேட்டேன். இல்ல ரீத்தா என்றாய். மாதா சத்தியமா இல்ல என்றாய்.

"உன் வாய் பொய் சொல்லும். ரத்தம் பொய் சொல்லாது."

நீ முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினாய். பிறகு கேட்டாய்.

"அந்த ரத்தத்துல என் பேரு எழுதியிருந்திச்சா?"

உன் பேரை எழுதுகிற காலமா இது என்று எரிந்து விழுந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நக்கலாகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன், நீ சந்தேகத்தில்தான் கேட்டாயா? கட்டில் மாறினதை ஏன் நீ சொல்லவில்லை? நான் கேட்கவிடவில்லையா?

இது போதாதென்று இன்னொன்றும் நடந்தது, அது உனக்குத் தெரியாது. படிக்கட்டில் இறங்கும்போது வாட்டு டொக்டர் என்னை நிறுத்தினார். வயது முப்பத்திரண்டு, கையும் நடுங்குகிறது, கண்ணைப் பரிசோதிக்க அனுப்பலாம், கொழும்புக்கு ரத்தமும் அனுப்பலாம் என்று யோசிக்கிறேன், ஆனால் ரோட்டு இருக்கிற நிலைமையில் அனுப்புவது லேசில்லை, உங்கள் அண்ணன் குடிப்பாரா என்று கேட்டார். நான், ஓம் சேர், நன்றாகக் குடிப்பார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு டிக்கெட்டில் எழுதினார். கண்ணையும் பார்க்கவில்லை, கொழும்புக்கும் அனுப்பவில்லை. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாடு போடும்போது, மதினி மறுபடி அந்த வாடைப் பேச்சை எடுத்தார். மெஷினில் பார்த்தேன், அண்ணன் குடித்துத்தான் செத்தார் என்று பந்தியில் வைத்துச் சொன்னேன். வெள்ளைக் கோட் போட்டவள் சொன்னால் சனங்கள் நம்பத்தானே செய்வார்கள். அன்றைக்கு உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்த மதினி அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

பிளேன்டீக் கோப்பை கடகடத்த அன்றைக்கு நான் படுக்கவில்லை. விடிந்ததும் முதல் ஆளாகப் போய் பழைய நோட்டுகளை இறக்கினேன். ஜெல்லைக் காயவைத்து நோட்டில் ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். பதினெட்டு வருஷத்தில் கொஞ்சம் மஞ்சள் பட்டிருந்தது, அவ்வளவுதான். பதினேழாம் கட்டில் முதியான்சேயை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் என் ரத்தம். அவனுடைய கோடுகள் கொஞ்சம் மங்கல், மற்றப்படி என்னுடையதைப் போலவே அதே இடங்களில் நின்றன. இது நீயாக இருக்குமோ, பதினொன்று வேறு ஆளாக இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது.

மிஸ்ஸியைத் தேடிக்கொண்டு போனேன். பென்ஷன் எடுத்து கம்பளைப் பக்கம் மகளோடு இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் உன்னை ஞாபகம் வைத்திருக்கிறார். நான் கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன்பே தானாகச் சொன்னார். டிக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதினோராம் கட்டிலில் ஒரு தமிழ் மாஸ்டர் இருக்கிறார் என்று வாட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அதே செவ்வாய்க்கிழமை, டெலிபோனை வைத்த கையோடு, உன்னைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் பதினேழில் போட்டிருக்கிறார். பதினேழில் இருந்த நிஜ முதியான்சேயை உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தார். ஊர் அடங்கினதும் அவரவரை அவரவர் கட்டிலுக்கே திருப்பிவிட்டார்.

அந்த முதியான்சே கசிப்புக் குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். பேரையும் கட்டிலையும் தருவாயா என்று மிஸ்ஸி கேட்டபோது, பேரை எழுதிக்கொள்ளுங்கள் மிஸ்ஸி, யாராவது அடிக்க வந்தால் நான் சிங்களத்தில் ஏசி அனுப்பிவிடுகிறேன் என்றானாம். அந்தத் தமிழன் கட்டிலில் அவன் மூன்று நாள் படுத்திருந்தான். அவனை நான் எப்படி வெறுப்பேன்? அவன் ரத்தத்தை உன் ரத்தம் என்று எடுத்துக்கொண்டவள் நான்.

ஜெசிந்தாவை மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அவள் வாயைத் திறந்து, அப்பா குடிப்பாராம் என்று தொடங்கினாள். நான் இடையில் புகுந்து, இல்லை சேர், இவளுடைய அப்பா குடித்ததே இல்லை, கை நடுங்கி, ஈரல் கெட்டு, முப்பத்திரண்டு வயதில் செத்தார் என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

தாயும் தகப்பனும் சொந்தமா என்று அடுத்ததாகக் கேட்டார். மாமன் மகளைத்தான் கட்டினார் என்றேன். கண் வாட்டுக்கு அனுப்பி விளக்கு வைத்துப் பார்த்தார்கள். கருமணி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். செம்பாம் அண்ணே. சாப்பாட்டில் வருகிற செம்பை ஈரலால் வெளியே தள்ள முடியாமல் ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிந்துவிடுகிற நோய். ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற புரதம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஈரல் சீனிக் குஞ்சம் கட்டி அனுப்புவதுதான். அவளுக்கு அது மிகக் குறைவு. வாழ்நாள் முழுக்க மாத்திரை போட்டால் மற்றவர்களைப் போல இருக்கலாம் என்கிறார் டொக்டர். நடுக்கம் முதலில் கூடினாலும் பிறகு மெல்ல மெல்லக் குறையுமாம். எனக்கும் பார்த்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்டு எனக்கு சந்தோஷம் வரவில்லை.

இந்த மாத்திரை எப்போது வந்தது சேர் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. அது பழைய மருந்து, நீங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே வந்துவிட்டது என்றார்.

அன்றிலிருந்துதான் இந்த இருப்புக் கொள்ளாமை. கண்ணைப் பார்க்க உன்னை அனுப்பியிருந்தால் இருந்திருப்பாயா? காலம் கடந்துவிட்டிருந்ததா? டொக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். படிக்கட்டில் நான் ஓம் என்ற அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை திரும்ப விழுங்கப் பார்க்கிறேன், அது இறங்க மாட்டேன் என்கிறது.

மதினியிடம் போய்ச் சொன்னேன். கெலிஓயா வீட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தார். பதினொன்று, பதினேழு, முதியான்சே, செம்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடி சொன்னார்.

"பதினெட்டு வருஷமா கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தல நான். நீ சொன்னேன்னு."

பிறகு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். நான் வாசலைத் தாண்டும்போது சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. கிளினிக்குக்கு வருகிறார், மகளுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்கிறார். என்னை மன்னிப்பாரா? மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று ஜெசிந்தா ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அப்பாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நோட்டை விரித்து, மூன்று ரத்தம் ஓடின இடத்தையும் காட்டி, இது நான், இது உங்கப்பாவுக்குக் கட்டில் கொடுத்தவர், இது உங்கப்பா என்றேன். பதினேழின் கீழே இருந்த முதியான்சே என்ற பேரை ஒரு கோடு போட்டு அடித்தேன். உன் பேரை எழுதப் பேனாவைத் திருப்பினேன். குடுங்க அத்தை, நான் எழுதுறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

எழுத அவளுக்கு நிறைய நேரம் பிடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். வரி மேலே ஏறி, கீழே இறங்கி, கோணிக்கொண்டு போயிற்று. அண்ணே, அது அப்படியே நீ கரும்பலகையில் எழுதுகிற எழுத்து. செ. அந்தோனிமுத்து.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவள் மாத்திரையை விழுங்குவதை, மதினி பேசினாலும் பேசாவிட்டாலும், அந்த வாசலில் நின்று நான் பார்ப்பேன். ரோட்டில் எத்தனை சாவடி போட்டாலும் மாத்திரை தீரவிட மாட்டேன். கை நின்ற அன்றைக்கு அவளை மறுபடி கூட்டி வந்து உன் பேரை நேராக எழுதச் சொல்வேன். அதற்கு நோட்டின் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் ரத்தத்துக்குப் பக்கத்தில் தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தும் உன்னை அடையாளம் தெரியாமல் போன
உன் கூடப்பிறந்தவள்,
ரீத்தா